கப்பல் போகட்டும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், துணி துவைக்கிற மெஷின் இரண்டில் ஒன்று சௌக்கியம், இன்னொன்று என்னை மாதிரியே சுற்றும்போதெல்லாம் முனகிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் நிற்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஆபீஸ் குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா என்றெல்லாம் கேட்டால் போனில் சொல்கிற மாதிரியே ம்ம் என்பாய், அதனால் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், தள்ளிப்போட்டால் பிறகு எழுதக் கை வராது. உன் மாமாவை எடுத்துக்கொண்டு போன அன்று, நட்ட நடுத்தெருவில், என் கூடப்பிறந்த அண்ணனுக்குப் பின்னால் நடந்துகொண்டே நான் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டம்மா தெருவோரத்தில் கேமராவைத் தூக்கினாள், அவ்வளவுதான், விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம், என் கழுத்து தானாகத் திரும்பியது, கை தானாக மேலே போனது, மிச்சமிருக்கிற இருபத்தாறு பல்லும் வெளியே வந்து வாருங்கள் வாருங்கள் என்றது. கண்ணில் தண்ணீர் ஒழுகுகிறது, வாய் மட்டும் வரவேற்புப் பலகை மாதிரித் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் வந்த ரொட்டிக்கடைக்காரர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தி, "அக்கா, கையை இறக்குங்க" என்று காதோரம் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இனி ஊரில் யார் வீட்டுத் துக்கத்துக்கும் நான் போக முடியாது, போனால் நாலு பேருக்கு என் முகத்தைப் பார்த்ததும் அழுகை நின்றுவிடும்.

உன் ஆபீஸ் வேலைக்காக நீ அனுப்பின கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாவும் வட்டாரப் பொருளாதார வளர்ச்சியும் என்று தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கட்டம், கட்டத்தில் டிக் போடச் சொல்லியிருக்கிறாய், பெற்ற தாய்க்கே பரீட்சை வைத்த பெண் இந்தத் தெருவில் நீ ஒருத்திதான். டிக் எல்லாம் போட்டுவிட்டேன். ஆனால் கட்டத்துக்குள் அடங்காத சமாச்சாரம் நிறைய இருக்கிறது, அதைத்தான் இங்கே கொட்டுகிறேன், உன் அறிக்கையில் எங்கே வேண்டுமோ அங்கே செருகிக்கொள், எங்கேயும் இடமில்லை என்றால் உன்னோடு வைத்துக்கொள். சுற்றுலாவால் உங்கள் வருமானம் கூடியதா என்று முதல் கேள்வி. கூடியது, இல்லை என்று சொன்னால் வாய் வெந்துபோகும். உன் அப்பா நம்மை விட்டுப் போன வருஷத்தில் இந்த வீட்டில் எரிந்தது ஒரே ஒரு பல்பு. உன் பள்ளிக்கூடம், காலேஜ், அதுக்கு மேலே படித்தாயே அது, நீ ஏறிப்போன விமானம், என் தங்கப்பல், எல்லாம் முகம் தெரியாத யாரோ படுத்து எழுந்த வெள்ளை விரிப்பிலிருந்து வந்தவை. அவர்கள் படுத்தார்கள், நான் துவைத்தேன், நீ படித்தாய். வேலைவாய்ப்பு பெருகியதா என்று அடுத்த கேள்வி. பெருகியது, பெட்டி தூக்க, கதவு திறக்க, கழிவறை கழுவ, கண்ணாடி துடைக்க, வாசலில் நின்று சிரிக்க என்று எத்தனை கை இருந்தாலும் வேலை இருக்கிறது. நீ படித்த படிப்புக்கு மட்டும் இல்லை. உன்னைப் படிக்கவைத்த தொழில் படித்த உன்னை ஊரில் வைத்துக்கொள்ளவில்லை, இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று நீயே சொல்.

தெரு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். நம் ஏற்றத்துத் தெருவில் மொத்தம் நாற்பத்தொரு வாசல், அதில் ராத்திரி சொந்தக்காரர் படுத்துத் தூங்குகிற வீடு ஒன்பது, மற்றதெல்லாம் சாவியைப் பெட்டியில் தொங்கவிட்டு எண் சொல்லித் திறக்கிற வீடு, பூட்டுக்கு நம்மைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா வாடகை கட்டுப்படியாகாமல் பஸ் போகிற கடைசி ஊருக்குக் குடிபோய்விட்டார்கள், போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "கணக்கு எனக்கே உதைச்சிருச்சு, பாத்தீங்களா" என்று சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவர்கள் இருந்த வீட்டு விரிப்பும் இப்போது என்னிடம்தான் துவைக்க வருகிறது. காய்கறிக்கடை இருந்த இடத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் விற்கிறார்கள். ஒரு வெங்காயம் வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும், காந்தம் வாங்கக் கதவைத் திறந்தால் போதும். அதில் ஒரு காந்தத்தில் நம் வீட்டு வாசல் படம் போட்டிருக்கிறான், பச்சைக் கதவு, பக்கத்தில் கீறல், நீ சைக்கிளில் இடித்த கீறல்தான். எத்தனை தேசத்துச் சமையலறையில் அந்தக் கீறல் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. ஐஸ் ஃபேக்டரியை இடித்துவிட்டு ஆறு மாடியில் ஓட்டல் வந்ததே, அது வந்த பிறகு நம் ஜன்னலில் கடல் தெரிவதில்லை, ஆறு மாடிக்காரனுக்குத் தெரிகிறது, அவனுடைய விரிப்பைத் துவைக்கிற எனக்கு அவனுடைய பால்கனி தெரிகிறது.

கப்பல் நாள் என்றால் என்ன என்று உன் ஆபீஸில் விளக்கம் கேட்பார்கள், எழுதிக்கொள். மாசம் பிறந்ததும் துறைமுகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும், என்னைக்குப் பெரிய கப்பல், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகும் என்று. எல்லார் வீட்டுச் சுவரிலும் காலண்டருக்குப் பக்கத்தில் அதுதான் தொங்கும், இப்போதெல்லாம் காலண்டரையே யாரும் பார்ப்பதில்லை. கப்பல் நாளில் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை தெருமுனையில் தடுப்புக்கட்டை போட்டுவிடுவார்கள், ஏற்றம் முழுக்க மனுஷத் தலை. ஆஸ்பத்திரி வண்டி வரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, கூட்டத்துக்குத்தான் அந்தச் சட்டம் தெரியாது, போன வருஷம் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு வண்டி ஏறி வர நாற்பது நிமிஷம் ஆனது, அதிலிருந்து ஆளை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டைவரைக்கும் தூக்கிக்கொண்டு போய்விடுவது வழக்கமாகிவிட்டது. அதனால் கப்பல் நாளில் இங்கே யாரும் சண்டை போடுவதில்லை, வீடு மாற்றுவதில்லை, பல் பிடுங்கிக்கொள்வதில்லை. எதைக் கேட்டாலும் கப்பல் போகட்டும் என்பார்கள். கல்யாணப் பேச்சா, கப்பல் போகட்டும். கூரை ஒழுகுகிறதா, கப்பல் போகட்டும். இதிலே ஒரு பாவம் என் தலையிலும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ரொட்டிக்கடைக்காரரின் தாயார் ஒரு கப்பல் நாளில் காலமானபோது, தெருச் சங்கத்தில் நல்லவார்த்தை பேசத் தெரிந்தவள் என்று என்னைத்தான் அனுப்பினார்கள், நான் போய் அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அஞ்சு மணிக்கு மேல எடுத்துக்கலாமே, ஆத்தாவும் வெயில்ல போக வேண்டாம் பாருங்க" என்றேன். வெயிலாம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதுவே பிறகு சங்கத்தின் விதியாகிவிட்டது, இந்தத் தெருவில் பிணத்துக்கு நேரம் குறித்துக்கொடுத்தவள் உன் அம்மா.

இனி மாமா சமாச்சாரம். ஐஸ் ஃபேக்டரி மூடினதும் எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள், உன் மாமா மட்டும் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வருகிற பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஏற்றத்துக் கருங்கல்லில் உருட்டிக்கொண்டு வருகிற பெட்டியில் பத்துக்கு இரண்டு சக்கரம் உடையும் என்று கண்டுபிடித்தது அவர்தான். பெட்டிச் சக்கரம் மாற்றுகிறவர் என்று ஒரு தொழிலையே உண்டாக்கிக்கொண்டார், சக்கர மாமா என்று வெளிநாட்டுக்காரன் வாயில்கூடப் பெயர் வந்துவிட்டது, நகராட்சி தெருவைச் சமமாக்கப் போகிறேன் என்றபோது முதல் ஆளாகப் போய், "பழங்காலத்துக் கல்லு, கைய வைக்காதீங்க" என்று சரித்திரம் பேசிவிட்டு வந்து என்னிடம், "பாப்பா, கல்லு போச்சுன்னா என் பொழப்பு போச்சு" என்று கண்ணடித்தார். எனக்கு ஐம்பத்து நாலு வயசாகிறது, என்னைப் பாப்பா என்று கூப்பிட ஒரு ஆள் இருந்தார். உன் அறையையும் மாடியையும் விருந்தாளிக்கு விட்ட பிறகு அவர் பின்கட்டில் மெஷின்களுக்குப் பக்கத்து அறையில்தான் படுத்தார், எதிரே மதில், ஜன்னலைத் திறந்தால் செங்கல். கடைசியில் அவருக்கு இருமல் வந்தது, ராத்திரியும் பகலும் ஒரே இருமல். ஏப்ரலில் தங்கிவிட்டுப்போன ஒருத்தன் கம்ப்யூட்டரில் நம் வீட்டைப் பற்றி எழுதினான், வீடு சுத்தம், வீட்டம்மா கலகலப்பு, பின்னால் ஒரு கிழவர் இருமுகிறார் என்று. இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. மறுநாள் பழைய மெத்தை ஒன்றைக் கிழித்து அவர் கதவின் உள்பக்கம் ஆணி அடித்தேன், சத்தம் வெளியே போகக்கூடாது என்று. அவர் ஆணியை எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டே நின்றார், "நல்லா அடி பாப்பா, உன் மெஷின் சத்தமும் எனக்குக் கேக்காதுல்ல" என்றார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மாமா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று உன்னிடம் போனில் சொன்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என் புளுகு நாற்பது நாள் தாங்கிவிட்டது, ஆனால் நீ அனுப்பின ஏழாவது கேள்வி அதைத் தாங்கவிடவில்லை. சுற்றுலா நாட்களில் மருத்துவ உதவி பெறுவதில் சிரமம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டியலில் செவ்வாயும் புதனும் கப்பல். மாமா காலையில் எழுந்து முகம் கழுவினார், பாதி டம்ளர் காப்பி குடித்தார், பதினொன்றரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார், நெற்றி முழுக்க வேர்வை. நான் ஆறு மாடி ஓட்டலுக்கு இரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டிய நாற்பத்திரண்டு விரிப்பை மெஷினில் போட்டிருந்தேன், ஈரக்கையோடு ஓடினேன், அண்ணே நாற்காலி கொண்டுவரச் சொல்லட்டுமா, நாலு பேரைக் கூப்பிடுகிறேன், கட்டைவரைக்கும் தூக்கிவிடலாம் என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா, "நாற்காலியில தூக்கிட்டுப் போனா ராஜா ஊர்வலம்னு நெனச்சு அத்தனை பேரும் படம் புடிப்பானுங்க, இந்தக் கிழிஞ்ச பனியனோட நான் உலகம் பூரா போகணுமா? கப்பல் போகட்டும் பாப்பா, அஞ்சு மணிக்கு நானே நடந்து வரேன்." நான் சிரித்தேன், மகளே. அவர் சொன்ன விதம் அப்படி. அவருக்கு வெட்கம், அதை நான் மதித்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம், நாற்பது நாளாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். மாடியில் ஒரு தம்பதி தங்கியிருந்தார்கள், ஏதோ கடற்கரைக்குப் போயிருந்தார்கள், மத்தியானம் திரும்பும் நேரத்தில் வாசலில் ஒரு நோயாளியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தால் அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. ஒரு நிமிஷம்தான் வந்தது. ஆனால் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் அவர் கப்பல் போகட்டும் என்றார், நானும் சரி அண்ணே என்றுவிட்டேன். வெந்நீர் கொடுத்தேன், நெஞ்சைத் தடவிவிட்டேன், நடு நடுவே ஓடிப்போய் மெஷினிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்து போட்டேன். ஒரு மணிக்குக் கொஞ்சம் தேவலை என்றார். இரண்டு மணிக்கு, மெஷினை நிறுத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், அது ஓடினால்தான் தூக்கம் வருகிறது என்றார். மூன்று இருபதுக்கு நான் விரிப்பை மடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கையில் தலை சாய்ந்திருந்தது. மெத்தை அடித்த கதவு, ஓடுகிற மெஷின், நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டேன், அவர் ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றபடி அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

மறுநாள் காலையில் அதே மருந்துக்கடைக்காரர் வந்தார், அவர்தானே சங்கத்துச் செயலாளர். திண்டாடிக்கொண்டு நின்றார், பாவம், வெயில் கிரீம் விற்கிற கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, நேத்துப் பொழப்பும் போச்சு, இன்னைக்குக் கப்பல்ல ரெண்டாயிரத்து இருநூறு பேர், நீங்க போட்ட விதிதான், அஞ்சு மணிக்கு மேல..." என்று இழுத்தார். மாமாவுக்காக நேற்றுக் கடையை அடைத்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். தன் வினை தன்னைச் சுடும் என்று கேட்டிருக்கிறேன், இப்படி வாசலில் வந்து அக்கா என்று கூப்பிட்டுச் சுடும் என்று தெரியாது. மாட்டேன் என்றேன். பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறேன், அண்ணன் காத்திருந்தது போதும் என்றேன். முதல் ஆளாகத் தோள் கொடுக்க வந்தது ரொட்டிக்கடைக்காரர், கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்தார், அவர் சட்டையெல்லாம் மாவு. அந்த ஏற்றத்தில் நடு வெயிலில் இறங்கினோம். இரண்டாயிரம் பேரும் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள், நான் எதிர்பார்க்கவில்லை, ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், ஒரு பெண் தன் குழந்தையின் வாயைப் பொத்தினாள், ஒரு கிழவர் தன் பெட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். வழி வேண்டும் என்று கேட்டால் கொடுக்கிறவர்கள்தான் போலிருக்கிறது, நாம்தான் கேட்கவே இல்லை. சிலபேர் படம் பிடித்தார்கள், அதில் நான் சிரித்த கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். நீ வர முடியவில்லை என்று போனில் தேம்பியது காதிலேயே இருக்கிறது, மனசில் வைத்துக்கொள்ளாதே, விமானத்தில் ஒரு இடம்கூட இல்லை என்றால் நீ என்ன செய்வாய், அத்தனை இருக்கையிலும் நம் ஊரை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் வந்ததால்தான் நீ போனாய், அவர்கள் வந்ததால்தான் நீ வர முடியவில்லை. ஏழாவது கேள்விக்கு ஆமாம், மிகவும் என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன், தாளே கிழிகிற மாதிரி அழுத்தி.

மற்றபடி உனக்குச் சொல்ல நான் யார், இருந்தாலும் பெற்றவள் சொல்லாமல் இருக்க மாட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் மீட்டிங் முடியட்டும், ரிப்போர்ட் போகட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, உடனே எழுந்து போ, யார் பார்த்தாலும் பரவாயில்லை, கிழிந்த பனியனோடு போ. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள், அவர்கள் இருமினால் போய்க் கேள். உன் அறையில் ஜூன் கடைசிவரை ஆள் இருக்கிறது, அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று எண்ணியிருக்கிறேன், நீ எப்போது வந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா, உருட்டாதே, சக்கரம் போனால் மாற்ற ஆள் இல்லை. மெத்தையைக் கதவிலிருந்து பிடுங்கிவிட்டேன், ஆணி ஓட்டை அப்படியே இருக்கிறது. நல்லா இரு கண்ணு, நீண்ட ஆயுசோடு, நிம்மதியான தூக்கத்தோடு, பசி எடுக்கிற வயிற்றோடு இரு. மாத்திரையை மறக்காதே, பல் டாக்டரிடம் போ, நம் குடும்பத்துப் பல் நமக்குத் தெரிந்ததுதான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா.

பி.கு. கவரை ஒட்டிவிட்டு மறுபடி கிழித்தேன். இதை எழுதாமல் அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. போன வாரம் தெருமுனைத் தடுப்புக்கட்டையில் நிற்பவர், மாமாவிடம் சரிபண்ணக் கொடுத்திருந்த பையைத் திரும்ப வாங்க வந்தார். நான் வழக்கம்போல, அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அண்ணனை எப்படி இறக்குவது என்று ஆரம்பித்தேன். அவர் பையை வாங்கிக்கொண்டே கேட்டார். "எந்தக் கூட்டம் அக்கா? செவ்வாய்க்கிழமை காத்து அதிகம்னு கப்பல் உள்ளயே வரலையே. பத்தரைக்கே கட்டையைத் தூக்கி வச்சுட்டேன். சாயங்காலம் வரைக்கும் தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல."